ஒற்றுமை என்றொரு சுவர்

பேசிவிட்ட பேச்சுக்காக வருந்துவோர் பலர். பேசாது விட்ட பேச்சுக்காக நாம் வருந்துகிறோம். நான்கே வாக்கியங்கள். குறிப்புத் தாளிலே எழுதி வைத்திருந்தோம். மேடையேறுவதற்குச் சற்று முன்னர் பேனாவை எடுத்தோம், நான்கின்மீதும் கோடு கிழித்தோம். கிழித்த கை நடுங்கவில்லை என்பதை நினைக்கும்போதுதான், தோழர்களே, இன்றும் நெஞ்சு நடுங்குகிறது!

1987 ஆம் ஆண்டு, மாசி மாதம். காவிரிப் பாசனத்து ஊர் ஒன்று. பெயர் வேண்டா; அந்த ஊருக்கு மட்டும் உரிய குற்றமன்று நாம் கூறப்போவது. அங்கே பெரிய மாதாகோயில். கோயிலுக்கு வடக்கே ஒரு தெரு, தெற்கே வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தெரு. இரண்டு தெருவாரும் கிறித்தவர். இரண்டு தெருவாரும் ஒரே மணியோசை கேட்டு எழுபவர். ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிடுபவர். மாண்டபின் மட்டும் வேறு வேறு. கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர். வடக்கு வாசல் வடக்குத் தெருவாருக்கு, தெற்கு வாசல் தெற்குத் தெருவாருக்கு. பிணத்தைச் சுமந்து செல்லும் தூம்பாவும் இரண்டு. செதுக்கு வேலைப்பாடும் கறுப்புப் பட்டுத் திரையும் கொண்ட ஒன்று, கோயிலை ஒட்டிய கொட்டகையிலே பூட்டிக் காக்கப்பட்டது. வெறும் பலகையால் ஆன மற்றொன்று புளியமரத்தடியிலே மழையிலும் வெயிலிலும் கிடந்தது. உயிர்த்தெழும் நாளில் எக்காளம் முழங்கும்போது, வானவர் எந்த வாசலில் நின்று அழைப்பார்களோ, நாம் அறியோம்!

தெற்குத் தெருவிலே நமக்கு ஒரு நண்பர். கல்லூரி விடுதியில் ஒரே அறையிலே மூன்றாண்டு ஒன்றாக உறங்கியவர். அவர் பூசைக்குப் போவார், நாம் போகமாட்டோம். அவர் இரவில் செபமாலை உருட்டுவார். நாம் விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டையிடுவோம். 'நீ', 'வா', 'போ' என்பதைத் தவிர வேறு சொல் எங்களிடையே கிடையாது. 1986 ஐப்பசியிலே அவருடைய அன்னையார் மறைந்தார். நம்மைத் தம் பிள்ளையென்றே எண்ணி, போகும்போதெல்லாம் மீன்குழம்பு வைத்துத் தந்த தாய். செய்தி கேட்டு ஓடினோம். அடைமழை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு, தெற்கு வாசலுக்குச் செல்லும் பாதை முழுவதும் வெள்ளம். வடக்கு வாசல் வழியே கொண்டு சென்று, சுவரைக் கடந்து, தெற்குப் பக்கத்திலேயே புதைக்கிறோம் என்று கேட்டார்கள். கேட்டது வழி மட்டுமே. கிடைக்கவில்லை. தொடையளவு தண்ணீரிலே அந்தப் பலகையைத் தோளில் ஏற்றிச் சென்றோம். நான்கு தோள்களில் ஒன்று நம்முடையது. நடுவழியில் ஒருவர் கால் வழுக்கிற்று, பலகை சாய்ந்தது. வெள்ளத்தில் விழாமல் தாயைத் தாங்கிப் பிடித்தபோது நண்பர் எழுப்பிய ஒலியை எந்த எழுத்தால் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை.

நான்கு மாதம் கழிந்தது. அந்த ஊர்க் கோயிலைச் சார்ந்த இளைஞர் மன்றம் 'மதமும் மனிதனும்' என்ற தலைப்பிலே பேச நம்மை அழைத்தது. நாத்திகன் என்று தெரிந்தே அழைத்தனர். அவர்கள் துணிவைப் பாராட்டவேண்டும். குருவானவர் விருந்தளித்தார். நல்லவர் அவர், எள்ளி நகையாடத் தக்கவர் அல்லர். மிதிவண்டியிலே தெற்குத் தெருவுக்குச் சென்று இரவுப் பள்ளி நடத்தியவர். இலையில் சோறு விழுந்ததும் மெல்லத் தொடங்கினார்:

"ஐயா, கடவுளைப் பற்றி எதை வேண்டுமாயினும் கூறுங்கள், பதில் கூற நான் இருக்கிறேன். கல்லறைச் சுவரைப் பற்றி மட்டும் இன்று வேண்டா. ஆறு மாதமாகப் பாடுபட்டு, இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு இரண்டு தெருவிலும் ஒரே வரி, ஒரே தேர் என்று ஒப்புக்கொள்ளச் செய்திருக்கிறேன். சபையின் ஒற்றுமை நூலிழையிலே தொங்குகிறது. நீங்கள் நெருப்பை வைத்துவிட்டு இரவு வண்டியில் ஏறிவிடுவீர்கள். அணைக்க இருப்பவன் நான்."

நியாயம்தானே என்று தோன்றிற்று! வந்து போகும் பேச்சாளனுக்குக் கைதட்டல். இருந்து வாழ்பவனுக்குக் கல்லடி. இதை எண்ணித்தான் கோடு கிழித்தோம். மேடையிலே ஒன்றரை மணி நேரம் பேசினோம். கலிலியோவைப் பற்றிப் பேசினோம்; புரூனோ எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசினோம்; ரோமாபுரியின் சுவர்களையெல்லாம் தகர்த்தோம். மார்பளவு உயரமுள்ள ஒரு செங்கற் சுவரைத் தொடவில்லை. கடவுள் இல்லை என்று அந்த ஊரில் கூறலாம். சுவர் இருக்கிறது என்று கூறக்கூடாது! இந்த வேடிக்கை நமக்கு விளங்கியது, பேசி முடித்து இறங்கிய பிறகுதான்.

நண்பர் மூன்றாம் வரிசையிலே அமர்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் வந்தார். கை குலுக்கினார். "நன்றாகப் பேசினீர்கள்" என்றார்.

நீங்கள்! மரியாதை இத்தனைக் கொடுமையாக இருக்கக்கூடும் என்பதை அன்று அறிந்தோம்.

அடுத்த ஆண்டு வள்ளியூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்குச் சென்ற நாம், வேலை முடிந்தபின் வடக்கன்குளம் போனோம். சுவருக்கு வரலாறு உண்டா என்று தேடும் வெறி பிடித்திருந்த காலம் அது. உண்டு, தோழர்களே, அங்கே உண்டு. வேளாளக் கிறித்தவரும் நாடார் கிறித்தவரும் வாழ்ந்த ஊர் வடக்கன்குளம். ஒருவரோடு ஒருவர் அமர மறுத்து ஓயாத பூசல். பூசலைத் தீர்க்க இயேசு சபைக் குருமார் கண்ட வழி என்ன தெரியுமா? 1872 இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு ஒரு கூடமன்று, இரண்டு கூடங்கள் அமைத்தார்கள். காற்சட்டையின் இரு கால்கள் இடுப்பிலே சேர்வதுபோல, இரண்டு கூடங்களும் ஒரே பலிபீடத்தில் வந்து சேரும். இந்தக் கூடத்தில் இருப்போர் குருவைக் காணலாம். அந்தக் கூடத்தில் இருப்போரும் குருவைக் காணலாம். ஒருவரை ஒருவர் காணவேண்டியதில்லை. கட்டடக் கலையிலே இது ஒரு சாதனைதான், மறுக்கவில்லை. பீடம் ஒன்று, ஆகவே ஒற்றுமை காக்கப்பட்டது. கூடம் இரண்டு, ஆகவே சாதியும் காக்கப்பட்டது. காக்கப்படாதது எதுவென்று எந்தக் கொத்தனாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கூலிதான் கிடைத்திருக்கும், பதில் கிடைத்திராது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த ஏற்பாடு நிலைத்தது. 1910 இல் குருமாரே முன்னின்று தடுப்பை இடித்தார்கள். உடனே உயர்ந்த வகுப்பார் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் நீதிமன்றம் ஏறினர். தனியிடம் எமக்கு உரிமை, பரம்பரை வழக்கம், இடித்ததை எழுப்பித் தருக என்பது வழக்கு. 1916 இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று: அப்படியோர் உரிமை இல்லை. ஏசுவின் மொழியைக் கொண்டு முடிக்க இயலாததை ஆங்கிலேயரின் சட்டத்தைக் கொண்டு முடித்தனர்.

இதே வடக்கன்குளத்திலேதான் 1745 இல், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. 1752 இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டி வந்த 'பிள்ளை' என்ற சொல்லைத் திருச்சபை நீக்கிவிட்டது. நீக்கியது தகாது என்றும் குரல் எழுந்தது! அவர் உயிரையே கொடுத்து உதறியதை, 270 ஆண்டு கழித்து எடுத்துத் தோளில் போர்த்த ஆளிருக்கிறது.

'கிறித்தவர் வீட்டுச் சண்டையில் நமக்கென்ன வேலை? கடவுளே இல்லையென்ற பிறகு கல்லறை வாசல் வடக்கானால் என்ன, தெற்கானால் என்ன?' என்று தோழர் சிலர் கேட்பது காதில் விழுகிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படியே கேட்டோம். வெள்ளத்திலே ஒரு பலகையைச் சுமந்த பிறகு அக்கேள்வி நம் வாயில் வருவதில்லை. மேலும், உண்மையைச் சொன்னால் ஒற்றுமை குலையும் என்ற பேச்சு கோயிலுக்கு மட்டும் சொந்தமா? கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று கூறி, எழுந்த கேள்வியை அமர்த்திய சங்கங்களை நாம் கண்டதில்லையா? அத்தகைய கூட்டத்தில், அமர்த்திய பக்கத்திலே நாமும் அமர்ந்திருந்தோம்.

வாதம் பழையது. 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்து, புலால் நீக்கி, சந்நியாசியாக வாழ்ந்து தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்தார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, குடிமை வழக்கங்கள் என்றார். 1623 இல் போப்பாண்டவரும் நிபந்தனையோடு இசைந்தார். விளைவு? உயர்சாதிக்குப் பிராமண சந்நியாசி வேடத்தில் ஒரு குரு. பிறருக்குப் பண்டாரசுவாமி என்று வேறொரு குரு. 1744 இல் ரோமாபுரி, தீண்டப்படாதார் எனப்பட்டோர் வீட்டுக்குள் குருமார் செல்லவேண்டும் என்று கண்டிப்புக் காட்டியபோது, அவர்களுக்கென்றே தனிக் குருமாரை அமர்த்தி அந்த ஆணையை நிறைவேற்றினார்கள். ஆணையும் காப்பாற்றப்பட்டது, ஆசாரமும் காப்பாற்றப்பட்டது. நொபிலியின் தமிழ்த் தொண்டை மறப்பவர் அல்லோம். வேற்று நாட்டிலே பிறந்து இந்த மொழிக்காக உழைத்த அறிவுக்கு வணக்கம். ஆனால் 'குடிமை வழக்கம்' என்ற அந்த இரண்டு சொற்களை மட்டும் அவர் கண்டுபிடிக்காது இருந்திருக்கலாம்!

சீர்திருத்தச் சபையார் வேறு வழி கண்டனர். கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833 இல் தென்னாட்டுச் சபைகளுக்கு ஆணை விடுத்தார்: சாதியை விடவேண்டும், இப்போதே விடவேண்டும், முற்றாக விடவேண்டும். உண்மை என்றால் இதுவன்றோ உண்மை என்று நம் வாயும் மலரத்தான் செய்கிறது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. அந்த ஆணைக்கு முன்பே, சரபோசி மன்னர் அவையிலும் புகழ்பெற்ற கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கத்தைக் காத்து எழுதியிருந்தார். அவருடைய குறைகளோ ஒன்றல்ல. பழகிய வேதத் தமிழை மாற்றினார்கள், தமிழ்ப் பாட்டைத் தடுத்தார்கள், விழாவிலே பூவைத் தடுத்தார்கள் என்பனவும் அவற்றுள் உண்டு. பூவையும் பாட்டையும் பறித்த அதே கைதான் சாதியையும் விடு என்றது. சாதியை விட மனமில்லாதவனுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது: 'வெள்ளைக்காரன் நம் வழக்கத்தை எல்லாம் அழிக்கிறான்!' சொல்லப்பட்ட உண்மை, சொன்னவர்களின் செருக்கினாலே பாதி செத்தது.

பிரிந்தோர் பலர் லீப்சிக் லுத்தரன் மிஷனில் இடம் கண்டனர். அதன் தலைவர் கார்ல் கிரவுல், சாதியை மெல்ல மெல்லத் திருத்தலாம், ஒரே வெட்டில் வெட்டலாகாது என்ற கொள்கையினர். யார் இந்தக் கிரவுல் என்பதை அறிந்தால் தமிழர் திடுக்கிடுவர். திருக்குறளை ஜெர்மன் மொழியிலே பெயர்த்து 1856 இல் வெளியிட்ட பேரறிஞர்! பிறப்பால் உயிர்கள் ஒத்தவை என்ற வள்ளுவர் கருத்தையும் அவர் பெயர்த்திருக்கத்தான் வேண்டும். மை உலர்வதற்கு முன் அதை ஒருமுறை சபைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்று கேட்க ஆசை. ஆனால் அவரைத் தூற்ற நமக்குத் தகுதியில்லை. நாமும் குறளை மேற்கோள் காட்டிப் பேசியவர்தான், கோடு கிழித்த அதே மேடையிலே.

வெள்ளைப் பாதிரிமாரின் செருக்கைத் தமிழரே எடுத்துச் சொன்ன நாளும் வந்தது. வெள்ளாளன்விளையிலே பிறந்த அசரியா, 1910 இல் எடின்பரோ மாநாட்டில் உலக மிஷனரிகள் முன் எழுந்து நின்று, உங்கள் தியாகத்தை அறிவோம், எங்களுக்குத் தேவை நட்பு என்ற பொருளிலே பேசினார். அவையிலே முகங்கள் சுளித்தன. சபையின் ஒற்றுமைக்குக் குந்தகம் என்று முணுமுணுத்தோர் இருந்திருப்பர். ஆனால் பேசிய அசரியா விலகிப் போகவில்லை. 1912 இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1919 இல் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாகவேண்டும் என்று அறிக்கை விட்டவர்களிலும் முன்னணியில் நின்றார். கசப்பான உண்மையைக் கூறிய வாயும், ஒற்றுமைக்கு அழைத்த வாயும் ஒன்றே என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மூண்ட சண்டைகளின் பேரால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் பிரிந்து கிடந்தார்கள். எந்தச் சண்டை எதற்காக என்று கேட்டால் விடை கூற அறியார். அதை ஒன்றாக்கப் பேசிய 28 ஆண்டிலும் பெரும் பூசல் எதைப் பற்றி? ஆயர் பதவியைப் பற்றி. அப்போஸ்தலர் காலந்தொட்டுத் தலைமேல் தலையாகக் கைவைத்து வந்த ஆயர் ஒருவர் கைவைக்காத குரு, குருவா அல்லரா? ஆங்கிலக் கவிஞர் எலியட் 1943 இல் ஒரு சிறு நூலே எழுதினார், இந்த இணைப்பு அழிவு என்று. அறிஞர்தாம், உண்மையில் அக்கறை கொண்டவர்தாம். யார் கை யார் தலைமேல் என்று கடல் கடந்து கவலைப்பட்டவர்கள், யார் தோள்மேல் யார் பிணம் என்று கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எனினும் 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்ற ஆறு வாரத்திலே, சென்னை செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945 முதல் நாளே மறைந்தார். ஆயருள்ள சபையும் ஆயரில்லாச் சபையும் கூடியது உலகம் வியந்த செயல். நாத்திகராயினும் இதை வியக்க நமக்குக் கூச்சமில்லை. அந்தச் சபைகளிலும் சாதி மட்டும் இணைப்புத் தாளில் கையொப்பமிடாமலே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது என்பதைச் சொல்லவும் கூச்சமில்லை.

நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்த சாபமோ இது என்று மயங்கவேண்டா. தென்னாப்பிரிக்காவிலே டச்சுச் சீர்திருத்தச் சபை 1857 இல் கூடி ஒரு தீர்மானம் செய்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சபையில் வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு, சிலருடைய பலவீனத்தின் காரணமாக அது தடையாகுமாயின் தனித்தனியே வழிபடலாம் என்றது. சிலருடைய பலவீனம்! யாருடைய பலவீனம்? ஒரே கிண்ணத்தில் பருக மறுத்த வெள்ளையனின் பலவீனம். அவன் பலவீனத்துக்காகக் கறுப்பன் வெளியே போகவேண்டும். 1881 இல் தனிச் சபையே அமைந்தது. ஒரு பலவீனம் ஒரு சபையாகி, பின்னர் ஒரு நாட்டின் சட்டமே ஆயிற்று. அந்த வெளியேற்றப்பட்ட சபைதான் 1982 இல் பெல்ஹார் என்ற இடத்தில் அறிக்கை எழுதி, 1986 இல் ஏற்றது: பிரித்து வைத்துவிட்டு ஒற்றுமை பேசுவது சுவிசேஷத்துக்கே மாறு என்று. 1994 இல் அது ஆப்பிரிக்கச் சபை ஒன்றோடு இணைந்தது. உண்மையை உரக்கக் கூறிய பிறகே அவர்களால் கூட முடிந்தது.

நம் காவிரிக்கரைக் குருவானவரும் அன்று இலையின் முன்னே கூறியது அந்தச் சொல்லைத்தான், வேறு உருவத்திலே. வடக்குத் தெருவின் பலவீனத்தை அவர் அறிவார். அதற்குரிய விலையைத் தெற்குத் தெரு கொடுத்துக்கொண்டிருந்தது. நாம் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐயா, இந்த ஒற்றுமைக்கு வரி கட்டுபவர் யார்? ஒரே தேருக்கு ஒரே வரி என்றீர். அதற்கு மேலும் ஒரு வரியைத் தெற்குத் தெரு மட்டும் வெள்ளத்திலே நின்று கட்டுகிறதே!

எறையூரை எண்ணுங்கள். 2008 மார்ச்சு. அங்கே ஒடுக்கப்பட்ட கிறித்தவர் கேட்டது என்ன? எங்களுக்குத் தனிப் பங்கு தாருங்கள், தனிக் குரு தாருங்கள் என்பது. ஒரே கோயிலில் பின்வரிசை போதும், தனித் தூம்பா போதும் என்று சலித்தவர்கள், நாங்கள் தனியே இருந்துகொள்கிறோம் என்றார்கள். அப்போது பார்க்கவேண்டுமே, ஒற்றுமைக்கு வந்த மதிப்பை! ஒரு பங்கை இரண்டாக்குவது சபைக்கு அழகா என்ற கேள்வி பிறந்தது. வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின, வன்னியக் கிறித்தவர் இருவர். மேல்சாதியான் பிரித்து வைத்தால் அதற்குப் பெயர் வழக்கம். கீழே தள்ளப்பட்டவன் பிரிந்து போகிறேன் என்றால் அதற்குப் பெயர் பிளவு.

திருச்சபை உண்மையைப் பேசவே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2016 இல் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. சபைக்குள்ளே தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒரு கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் கணக்குக் கூறிற்று. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வகுத்தது. 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. மதம் மாறியபின் உனக்குச் சாதியேது என்கிறது அரசு. இருக்கிறது ஐயா, இருக்கிறது என்று ஆயர்கள் டில்லியிலே வாதாடுகிறார்கள், வாதாடவும் வேண்டும். ஆனால் அதே உண்மையைப் பங்குக் கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து கூறினால், அமர் தம்பி, ஒற்றுமை குலையும் என்பவர் எத்தனைப் பேர்! டில்லியில் விளம்பும் உண்மை, ஊர் எல்லையிலே வந்ததும் ஊமையாகிவிடுகிறது.

நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கோயிலை விட்டு விலகவில்லை. விலகுவார் என்று எதிர்பார்த்தோம். விலகிவிடு என்று கடிதம்கூட எழுதினோம். மூன்று வரியிலே விடை வந்தது: 'இது என் தாய் மண்டியிட்ட கோயில். சுவர் எழுப்பியவர்கள் போகட்டும். நான் ஏன் போகவேண்டும்? தங்கள் நலம் அறிய ஆவல்.' தங்கள்! பங்குப் பேரவையிலே ஆண்டுதோறும் எழுந்து நின்று சுவரைப் பற்றிக் கேட்டுவந்தார். ஒற்றுமையைக் குலைப்பவர் என்ற பட்டம் பெற்றார். அவர் மகளுக்கு வந்த வேலையொன்று அதனால் கை நழுவிற்று. நாம் நகரங்களிலே மேடையேறினோம். அவர் ஒரே ஊரில், ஒரே பேரவையில், ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய தமையனார் மறைந்த செய்தி வந்தது. போனோம். தூம்பாக்கள் இரண்டும் இப்போது இல்லை. செதுக்கு வேலைப்பாடு கொண்டதையும் கரையான் விட்டுவைக்கவில்லை. பிணம் ஏற்றிச் செல்ல மோட்டார் வண்டி வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டி, ஒலிபெருக்கி, மின்விளக்கு. வண்டி ஒன்றே, இரண்டு தெருவுக்கும் அதுவே. ஓட்டுபவர் வெளியூர் இளைஞர். நண்பர் அவர் பக்கத்தில் அமர்ந்தார். நாம் நண்பர் பக்கத்தில்.

கோயிலைச் சுற்றி வந்து, கல்லறைத் தோட்டத்தின் மூலையிலே பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டி நின்றது. இளைஞர் திரும்பி, சாதாரணமாக, விலை கேட்பதுபோலக் கேட்டார்: "எந்த வாசலுங்க?"

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் வாய் திறந்தோம். "வடக்கு" என்றோம்.

வடக்கு வாசல் பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையிலே நால்வர் எழுந்து நின்றனர். சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும் என்று யாரோ கூறினர். நண்பர் வண்டியிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாருங்கள், கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

இறங்கி நடந்தோம்.